மூன்று வருஷமும் ஒன்பது மாதமும்

என் பேரன் போன மாதம் வேறு கம்பெனிக்கு மாறினான். ஐந்து வருஷத்தில் இது மூன்றாவது. கேட்டால், ஒரே இடத்தில் ரொம்ப நாள் இருந்தால்தான் இப்போது சந்தேகப்படுகிறார்கள், "வேறு யாரும் உங்களைக் கூப்பிடவில்லையா" என்று கேட்கிறார்கள் என்கிறான். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல ஒரு எடத்துல சேந்தா முப்பது வருஷம் அங்கனதான்" என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த முப்பது வருஷம் எப்படி ஆனது என்பதில் ஒரு பகுதி எனக்கு நேராகத் தெரியும். நான் முதலில் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமும் ஒன்பது மாதமும் இருந்தேன். அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து, தானாக வேலையை விட்டுப் போன முதல் ஆள் நான்தான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். என்னைப் பெற்ற அய்யா இறந்துவிட்டார். ஆத்தாவும் நானும்தான். நான் எட்டாவது முடித்து, இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சியும் முடித்திருந்தேன். எங்கள் ஊர் இராமநாதபுரத்துக்கு மேற்கே, கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் வெறும் கரம்பை என்று கிடக்கிற ஊர். அங்கே எனக்கு வேலை இல்லை. தேவிபட்டினத்துக்கு வடக்கே கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் வாத்தியார் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆத்தாவும் நானும் போனோம்.

அது எய்டட் பள்ளிக்கூடம். ஊரில் வசதியுள்ள ஒருவர் இடம் கொடுத்துக் கட்டடம் கட்டி நடத்துவார். சம்பளத்துக்குச் சர்க்கார் உதவி வரும். நடத்துகிறவரை மேனேஜர் என்போம். எங்கள் மேனேஜருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, இராமநாதபுரம் ரோட்டின் மேல் நெல் அரவை மில் இருந்தது. அறுபது வயதை ஒட்டியவர். கதர் சட்டை, நெற்றியில் திருநீறு, உரக்கப் பேசாத குரல். மில்லை ஒட்டிய அறையில்தான் எங்களைப் பார்த்தார்.

என் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துப் பழுப்பு உறை ஒன்றில் போட்டு, அதன் மேல் என் பெயரை எழுதி, பின்னால் இருந்த இரும்புப் பீரோவைத் திறந்து நடுத்தட்டில் வைத்துப் பூட்டினார்.

"இங்கன இருக்கட்டும்மா. நீங்க இருக்கப் போறது ஓலை வீடு. மழை ஒழுகும், கரையான் ஏறும். எல்லா வாத்தியார் காயிதமும் இங்கனதான் இருக்கு" என்றார்.

எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. ஆத்தா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பள்ளிக்கூடம் ஒரே நீளமான ஓட்டுக் கொட்டகை. நடுவில் பனையோலைத் தட்டிகள். ஐந்து வகுப்பு, ஐந்து வாத்தியார். பிள்ளைகளில் பாதி மீன்பிடிக்கிற வீடுகளிலிருந்து வந்தன. மீதி முஸ்லிம் தெருவிலிருந்தும், உள்ளே இருந்த வயக்காட்டு வீடுகளிலிருந்தும். நான் சேர்ந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வலை கரையேறும் நேரத்தில் கொட்டகை பாதி காலியாகிவிடும். அந்த நேரத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்கு வாய்ப்பாட்டை மட்டும் சொல்ல வைக்க வேண்டும் என்பதை முதல் மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

தலைமையாசிரியர் அங்கே இருபத்தைந்து வருஷமாக இருந்தார். அவருக்கு அடுத்தவர் பதினெட்டு. மற்ற இருவரும் பத்தைத் தாண்டியவர்கள். ஊரில் யாரைப் பற்றிப் பேசினாலும் அவர் பெயரோடு அவர் வேலை பார்க்கிற இடத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இன்னார் உப்பளத்து ஆள், இன்னார் சங்குக் குத்தகைக்காரர் ஆள் என்று. நாங்கள் மில்லய்யா பள்ளிக்கூடத்து ஆட்கள். எத்தனை வருஷமாக என்பதுதான் அடுத்த கேள்வி. வருஷம் கூடக் கூட மரியாதையும் கூடும். வேலையை மாற்றிய மனிதனைப் பற்றி, அவன் என்ன தப்புச் செய்து வந்தானோ என்று விசாரிப்பார்கள்.

மேனேஜரைப் பற்றி நான் குறையாக மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். இரண்டாவது வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. அவர் தன் மாட்டு வண்டியை அனுப்பி என்னை இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் செய்தார். தலைமையாசிரியரின் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவர்தான். எனக்குக் கல்யாணம் ஆனபோது முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். தன்னிடம் இருப்பவர்களைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் மனதார நம்பினார். அவர்கள் தன்னிடம் இருக்க வேண்டும் என்பதையும் அதே அளவு நம்பினார்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். பாம்பன் பாலத்து இரும்புக்கு வருஷம் முழுக்கத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற கூட்டத்தில் ஒருவர். ஒரு கோடியில் அடித்து முடிக்கும்போது மறு கோடியில் உப்புக்காற்று மறுபடி துருவை ஏற்றியிருக்கும். பாம்பனில் அவருக்கு ஒற்றை அறை வீடு கொடுத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்து ஊரில் ஆத்தாவோடு இருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி, பிறகு பஸ்ஸேறி, பிறகு நடந்து மத்தியானம் வந்து சேருவார். நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பிவிடுவார். நாங்கள் குடும்பம் நடத்தியது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

மகள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிரம்பியபோது அவர் வந்து தூக்கினார். பிள்ளை அலறிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தது. புதிய ஆளைக் கண்டால் எப்படி அழுமோ அப்படி. அவர் அவளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவர் போன பிறகு நான் முடிவு செய்தேன். இன்னொரு வருஷம் இப்படி இருக்க முடியாது.

அந்தப் புரட்டாசியில் தங்கச்சிமடத்தில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்துக்குப் பெண் வாத்தியார் வேண்டும் என்று தெரியவந்தது. தங்கச்சிமடம் பாம்பனுக்கு அடுத்த ஊர். மனு எழுதிப் போட்டேன். ஒரு மாதத்தில் தபால் வந்தது. ஐப்பசிக் கடைசியில் இராமநாதபுரம் ஆபீசுக்கு, அசல் சர்ட்டிபிகேட்டுகளோடு நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. என்னிடம் இருந்தது இருபத்திரண்டு நாள்.

மறுநாள் சாயங்காலம் மில்லுக்குப் போய் மேனேஜரிடம் தபாலைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தார்.

"இங்கன என்னம்மா குறை?"

"குறை ஒண்ணும் இல்லைங்கய்யா. அவுக பாம்பன்ல இருக்காக. பிள்ளை அப்பா முகம் தெரியாம வளருது."

"அம்புட்டுத்தானா? அவரை இங்கிட்டு வரச் சொல்லுங்க. நம்ம மில்லுல மெஷினைப் பாத்துக்கிட ஆள் வேணும். வீடும் தாரேன். மூணு பேரும் ஒரே ஊருல இருக்கலாம்ல."

அதை அவர் வலைவீசுவதற்காகச் சொல்லவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நான் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மில்லு வேலை நல்ல வேலைதான். ஆனா நீயும் அவர் ஆளு, நானும் அவர் ஆளு, இருக்க வீடும் அவர் வீடுன்னு ஆயிரும். நாளைக்கு ஒருத்தருக்கு மனசு கோணுனா மூணு பேரும் தெருவுலதான் நிக்கணும்" என்றார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும். ஒன் காயிதம் ஒன் கையில இருக்கணும்ல. முதல்ல அதைக் கேட்டு வாங்கு. வேலைய விடுறதும் விடாததும் பொறவு" என்றார்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்று சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த பதினைந்து நாளையும் ஓட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மில்லுக்கு நடந்தேன். "அய்யா, என் சர்ட்டிபிகேட்டுகளைக் குடுங்க" என்றேன். "இப்ப வேலையா இருக்கேன்மா, நாளைக்குப் பாப்போம்" என்றார். செவ்வாய்க்கிழமை போனேன். பீரோச் சாவி வீட்டில் இருக்கிறது என்றார். புதன்கிழமை போனேன். அவர் இராமநாதபுரம் போயிருந்தார். வருகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் திரும்பி வந்தேன்.

நடுவில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த எழுத்தர் வயதானவர், இரக்கமானவர்.

"இந்த மாதிரிக் கேஸ் நெறைய வருதும்மா. பேசாம தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க. டூப்ளிகேட் வாங்கிப்புடலாம். ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள இந்த எடம் போயிரும். அடுத்த எடத்துக்குப் பாக்கலாம்."

"தொலையலையேங்க. எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்கதான் போய்க் கேக்கணும்" என்றார்.

தொலைந்துவிட்டது என்று எழுத என் கை வரவில்லை. பொய் சொல்லப் பயந்து அல்ல. நானே படித்து, நானே வாங்கிய ஒன்று, என் கண் முன்னால் ஒருவர் பீரோவில் இருக்கும்போது, அதை நான் தொலைத்தவளாக ஏன் ஆக வேண்டும் என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பிள்ளையை ஆத்தாவிடம் விட்டுவிட்டு நடப்பேன். இரண்டு மைல். ஒரு பக்கம் பனைகள், இன்னொரு பக்கம் உவர் மண். மில் வாசலில் நின்று, அவர் வெளியே வந்தால் அதே ஒரு வரியைக் கேட்பேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் திரும்பிவிடுவேன். மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு எனக்காக ஒரு ஸ்டூலை எடுத்து மரத்தடியில் போட்டார்கள். அரைக்க நெல் கொண்டுவந்த பெண்கள், "என்ன டீச்சர், இன்னைக்காவது குடுத்தாரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

தலைமையாசிரியர் ஒரு நாள் மத்தியான இடைவேளையில் என்னைத் தனியாக அழைத்தார். அவரும் உரக்கப் பேசாதவர்.

"டீச்சர், இது வேண்டாம். இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தரும் அவர்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. உங்களால எங்களுக்கும் பேரு கெட்டுப்போகும்."

"நான் சண்டை போடலை சார். கேக்கத்தான் செய்யுறேன்."

"அவர் நல்ல மனுசன்."

"அது எனக்கும் தெரியும் சார். நல்ல மனுசன்னா கேட்டாக் குடுக்கணும்ல."

அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, மறுபடி மூடி, பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மேனேஜருக்குக் கோபம் வந்தது. நான் அந்த வரியைச் சொல்லி முடிக்குமுன் எழுந்துவிட்டார்.

"நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன்? ஊரு பூரா அப்படித்தானம்மா பேசுது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப வண்டி அனுப்புனது யாரு?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நடக்கிற வழியெல்லாம் அதை யோசித்திருந்தேன்.

"நீங்கதான்யா அனுப்புனீக. அதை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். அதுக்காக என் சர்ட்டிபிகேட் உங்ககிட்ட இருக்கணும்னு இல்லைல. களவுன்னு நான் எங்கேயும் சொல்லலை. வச்சிருக்கீக, குடுங்கன்னுதான் கேக்குறேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று திரும்பி வருகிற வழியில் அழுதேன். வீட்டுக்குள் நுழையுமுன் முகத்தைக் கழுவினேன். ஆத்தா பார்த்துவிட்டு, "விட்டுத் தொலையேன்டி. இருக்குற வேலையும் போயிறப் போகுது" என்றாள். வேலை போகலாம் என்பது எனக்கும் தெரியும். பெண்பிள்ளைகளுக்கு வேறு டீச்சர் கிடைக்கமாட்டாள் என்பதால்தான் அவர் அதுவரை என்னை நிறுத்தவில்லை. அதைத் தவிர என் கையில் எந்தப் பலமும் கிடையாது.

ஆபீசில் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காலையிலிருந்தே மழை. மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். ரோட்டில் தாழ்வான இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். காற்று கடலிலிருந்து அடித்ததால் சாக்கு இருந்தும் பிரயோசனம் இல்லை.

மில் ஓடவில்லை. மழையில் யாரும் நெல் கொண்டு வரவில்லை. அவர் மட்டும் அறையில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். வாசலில் தண்ணீர் சொட்ட நான் நிற்பதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் வரமாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"அய்யா, என் சர்ட்டிபிகேட்டுகளைக் குடுங்க" என்றேன். பல் கிட்டியதால் குரல் சரியாக வரவில்லை.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். வீட்டில் இருக்கிறது என்று சொன்ன அதே சாவி. பீரோவைத் திறந்து நடுத்தட்டில் இருந்த உறைகளை மொத்தமாக எடுத்து மேஜை மேல் வைத்தார். ஐந்து உறை.

"எல்லாத்தையும் கொண்டுபோங்க" என்றார்.

"என்னோடது மட்டும் போதுங்கய்யா."

"வேண்டாம். உங்களோடத மட்டும் குடுத்தா, மத்தவுகளோடத நான் பிடிச்சு வச்சிருக்கேன்னு ஆகும். எல்லாத்தையும் கொண்டுபோய் அவுக அவுக கையில குடுங்க. யார் இருக்கா, யார் போறான்னு நானும் பாக்கேன்."

அதில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. அவருக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றியது. நெல் மூட்டைக்குப் போர்த்துகிற தார்ப்பாயில் ஒரு துண்டைக் கிழித்து, உறைகளைச் சுற்றி, சணல் கயிற்றால் தானே கட்டிக் கொடுத்தார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மழையில் நனையக் கூடாது என்ற கவலை அந்த நேரத்திலும் அவருக்கு இருந்தது.

அந்த இரண்டு மைலை நான் நடந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. ஐந்து பேருடைய படிப்பு என் மார்போடு அணைத்த கட்டுக்குள் இருந்தது. தண்ணீர் ஓடுகிற இடத்தில் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காலால் ரோட்டைத் தடவித் தடவிக் கடந்தேன்.

மறுநாள் காலையில் மணி அடிக்குமுன் தலைமையாசிரியர் மேஜையில் நாலு உறைகளையும் வைத்து, நடந்ததைச் சொன்னேன். யாரும் உடனே எடுக்கவில்லை. பதினெட்டு வருஷக்காரர்தான் முதலில் கை நீட்டினார். உறையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். இளையவர்களில் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "என் பிறந்த தேதிய இத்தன வருஷமாத் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொட்டகை கொஞ்சம் இளகியது.

தலைமையாசிரியர் தன் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த காகிதம் பழுத்து, மடிப்பு ஓரங்களில் விட்டுப்போயிருந்தது. அதை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டு, தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாய்க்குள் படித்தார். கணக்கில் தான் வாங்கிய மார்க்கை விரலால் தொட்டார். "இம்புட்டு வாங்கியிருக்கேன் பாருங்க டீச்சர்" என்று என்னிடம் காட்டினார். இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர். மத்தியானம் அதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியிடம் காட்டியிருப்பார்.

அடுத்த நாள் அவர் அதை மில்லுக்கு எடுத்துப்போய் மேனேஜரிடமே திரும்பக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மழையில் நடந்து, ஊர் வாயில் விழுந்து வாங்கி வந்ததை ஒரே நாளில் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டாரே என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்ன சார் இப்படிச் செஞ்சிட்டீங்க?"

அவர் வருத்தப்படவில்லை. "நான் எங்கேயும் போகப் போறதில்ல டீச்சர். எனக்கு இந்தப் பிள்ளைகதான். வீட்டுல உள்ளபடியே கரையான் இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து வரைக்கும் அது அங்கன இருந்தது வேற. இன்னைக்கு நானா வச்சிட்டு வந்தது வேற. கேட்டாக் குடுப்பாருன்னு இப்பத் தெரியும்ல. எனக்கு அது போதும்" என்றார்.

அன்று அது எனக்கு ஏறவில்லை. பயந்த மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற சமாதானம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அவர் அங்கேயே ஓய்வு பெற்றார். மற்ற மூன்று பேரில் ஒருவர் மட்டும் மறு வருஷம் பரமக்குடிப் பக்கம் போனார். இரண்டு பேர் காகிதத்தை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். பீரோவைத் திறந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று மேனேஜர் பயந்தது நடக்கவில்லை. ஓடுவார்கள் என்று நான் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை.

எனக்குத் தங்கச்சிமடத்து வேலை கிடைத்தது. ஆபீசில் அதே எழுத்தர்தான் காகிதங்களைச் சரிபார்த்தார். "குடுத்துட்டாரா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

கடைசி நாள் மேனேஜர் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சாமான்களை ஏற்ற வண்டியை மட்டும் அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆத்தா முந்திக்கொண்டு பாத்திர மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டிக்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். நான் கேட்காத அனுபவச் சான்றிதழ். மூன்று வருஷமும் ஒன்பது மாதமும் வேலை பார்த்தார், நேரத்துக்கு வந்தார், பெண்பிள்ளைகளின் வருகை இவரால் கூடியது என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வண்டி மில்லைக் கடக்கும்போது இறங்கிப் போய்ச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினேன். அறை வாசலில் நின்று கும்பிட்டேன். "போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் முடிந்திருக்காது.

தங்கச்சிமடத்தில் சேர்ந்த முதல் நாளே அங்கிருந்த தலைமையாசிரியர் சர்ட்டிபிகேட்டுகளைக் கேட்டார். பதிவு செய்துகொள்ளுங்கள், நான் இருந்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எழுதி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். அங்கே ஏழு வருஷம் இருந்தேன். பிறகு வீட்டுக்காரருக்கு மண்டபத்துக்கு மாற்றல் வந்ததால் நானும் கேட்டு வாங்கி அங்கே மாறினேன். அப்புறம் மகளின் படிப்புக்காக இராமநாதபுரத்துக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு இடத்திலும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை ஒரே வரியில் சொன்னேன். சில பேர் நம்பினார்கள்.

அந்தக் கடைசிப் பள்ளிக்கூடத்தில்தான் நான் தலைமையாசிரியை ஆனேன். பள்ளிக்கூடங்களை நடத்த ஜில்லா போர்டு போய்ப் பஞ்சாயத்து யூனியன் வந்திருந்த காலம். நாங்கள் நாலு பேர்தான். அரைப்பரீட்சைக்கு முன்னால் ஒரு டீச்சர், கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவள், என் மேஜைக்கு வந்து ஒரு மனுவை வைத்தாள். அவள் வீட்டுக்காரர் இருக்கிற கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலி, என் வழியாகத்தான் மனு போக வேண்டும். அவள் எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அவள் போனால் பரீட்சை வரை பதிலுக்கு ஆள் வராது.

"பரீட்சை முடியட்டும்மா, பாப்போம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் மனுவை இழுப்பறைக்குள் வைத்தேன். அவளுக்கு நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. லீவு கொடுத்தது, பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தது, வீடு பார்த்துக் கொடுத்தது. மூன்று நாள் அந்த மனு இழுப்பறையில் இருந்தது. அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பை ஒழுங்காக நடத்தினாள். என்னைப் பார்க்கும்போது மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

நாலாவது நாள் காலையில் இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்தேன். அவளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, சிபாரிசு செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தேன்.

"நீயே கொண்டுபோய் யூனியன் ஆபீசுல குடு. தபால்ல போனா நேரம் ஆகும்" என்றேன். "மூணு நாள் வச்சிருந்தது என் தப்பு."

"உங்களுக்குச் சிரமமாப் போயிருமே டீச்சர்" என்றாள்.

"ஆகும். அதை நான் பாத்துக்கிடுறேன். நீ பஸ்ஸைப் பிடி."

பத்து நாளில் அவள் போய்விட்டாள். யூனியனிலிருந்து ஆள் அனுப்ப நாலு மாதம் ஆனது. அதுவரை அவளுடைய இரண்டாம் வகுப்பையும் என் ஐந்தாம் வகுப்பையும் நடுவில் இருந்த தட்டியை எடுத்துவிட்டு ஒரே அறையில் உட்கார வைத்து நானே நடத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் படிப்பை விட்டு நின்றுபோகவில்லை.